பெட்டிக்குப் பிடித்த முகம்

மருதாசலத்தின் தலைக்குள் இருந்த கம்ப்யூட்டர் மெதுவாகிக்கொண்டே வருகிறது என்பதைப் பூங்கொடி ஒரு காலையில் இட்லித் தட்டும் கையுமாக நின்றபோதுதான் முழுசாகப் புரிந்துகொண்டாள். மேசை முன்னால் உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். மரியாதையாகச் சிரித்தார்.

"ஆரைப் பாக்கோணுமுங்க? பட்டறைக்கு அந்தப் பக்கமாப் போகோணும். ஆளுங்க இருப்பாங்க, கேட்டுப் பாருங்க" என்றார்.

பூங்கொடி தட்டைக் கீழே வைத்தாள். "ஏனுங்க, நாந்தானுங்க."

குரல் கேட்டதும் அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் முகம் இன்னும் வெறுமையாகவே இருந்தது. சற்று நேரம் கழித்துத்தான், யாரோ உள்ளே விளக்குப் போட்டது போல, அவர் கண்ணில் வெளிச்சம் வந்தது.

"அட, பூங்கொடி" என்றார். பிறகு வெட்கத்துடன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பெட்டி ரொம்ப இழுக்குது. ஆஸ்பத்திரிக்கு ஒரு நட போயிட்டு வந்தரலாம்."

வீட்டில் அதற்குப் பெயர் பெட்டி. ஆஸ்பத்திரியில் அதற்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. கட்டைவிரல் நகம் அளவுக்கு இருக்கும். வலது காதுக்குப் பின்னால் தோலுக்கு அடியில் வைத்துத் தைத்திருந்தார்கள். பத்து வருஷத்துக்கு முன்னால் தாராபுரத்துக்கு பம்ப் செட் ஏற்றிக்கொண்டு போன வண்டி பல்லடம் தாண்டியதும் டயர் வெடித்துப் புரண்டது. மகன் தருண் ஓட்டினான். அவனுக்குச் சிராய்ப்பு. பக்கத்தில் இருந்த மருதாசலத்துக்கு வலது கை நொறுங்கியது, தலையில் அடி. பிழைத்து எழுந்தபோது ஞாபகம், பேச்சு, தொழில் எல்லாம் அப்படியே இருந்தன. முகங்கள் மட்டும் போய்விட்டன. கண் தெரியும், மூக்கு தெரியும், வாய் தெரியும். எல்லாம் சேர்ந்தால் யார் என்று தெரியாது. சொல்லிக் கொடுத்தாலும் மனசு ஒட்டவில்லை. "இவங்கதான் உங்க சம்சாரம்" என்று நர்ஸ் காட்டினால், "சரிங்க" என்பார், ரேஷன் கடையில் பேர் கேட்டவர் போல.

அதற்காகத்தான் பெட்டி. மூக்குக் கண்ணாடியில் இருக்கும் கேமரா எதிரே வரும் முகத்தைப் பார்க்கும். பெட்டி அது யார் என்று கண்டுபிடித்து மூளையில் சரியான இடத்தை லேசாகத் தொட்டுக் கொடுக்கும். பெயரைச் சொல்லாது. நமக்கு வேண்டியவரைப் பார்த்தால் நெஞ்சில் ஒரு நிம்மதி வருமே, அதை மட்டும் கொடுக்கும். பெயர் தானாக வந்துவிடும். யாருக்கு எவ்வளவு கொடுப்பது என்பதை அது பழகப் பழகத் தானே கற்றுக்கொண்டது.

விபத்துக்கு முன்னால் மருதாசலம் நல்ல கணவர் என்று பூங்கொடி யாரிடமும் சொன்னதில்லை. அடித்ததில்லை, குடித்ததில்லை, அவ்வளவுதான். பட்டறையிலிருந்து வருவார், டிவியைப் பார்த்தபடி சாப்பிடுவார், அவள் ஏதாவது சொன்னால் "ம்" என்பார். தருண் ஒரு வேலையில் உட்கார்ந்ததும் தாராபுரத்தில் அம்மா வீட்டுக்கே போய்விடலாம் என்றுகூட அவள் நினைத்து வைத்திருந்தாள். விபத்துக்குப் பிறகு அவர் வேறு மனிதர் ஆனார். அவள் வாசலில் நுழைந்தால் முகம் மலரும். சந்தைக்குப் போனால் கூடவே வருவார். முட்டி வலிக்கிறது என்றால் தைலத்தை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுவார். சாவைத் தொட்டுவிட்டு வந்தவருக்கு மனசு இளகிவிடும் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். அவளும் அப்படித்தான் நம்பினாள். ஐம்பதை நெருங்கும்போது கிடைத்த அந்த வாழ்க்கையை அவள் கேள்வி கேட்காமல் வாங்கி வைத்துக்கொண்டாள்.

தருண் விஷயத்தில்தான் எல்லாம் தலைகீழாகப் போனது. அவனைக் கண்டாலே மருதாசலத்துக்கு ஆகவில்லை. உட்கார்ந்தால் குற்றம், நின்றால் குற்றம். "ஒழுங்கா வண்டி ஓட்டத் தெரியாதவன்" என்று ஆட்கள் முன்னாலேயே பேசுவார். மூன்று வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவன் புனேயில் வேலை தேடிக்கொண்டு போனான். பொங்கலுக்கு வந்தால் மறுநாளே கிளம்பிவிடுவான்.

*

ஆஸ்பத்திரியில் பெட்டிகளைக் கவனிக்கும் பொறியாளர் ரெஹானா, முப்பத்தைந்து வயதுப் பெண். எதையும் சுற்றி வளைக்காமல் சொல்வாள். மருதாசலத்துக்கு அதனாலேயே அவளைப் பிடிக்கும்.

"எங்க பட்டறைக்கு மோட்டார் வந்தா ரெண்டுல ஒண்ணு சொல்லுவோம் அம்மணி" என்றார் அவர். "காயில் கருகியிருந்தா ரீவைண்டிங். பாடி வெடிச்சிருந்தா புதுசு வாங்கிக்கங்கன்னு சொல்லிருவோம். இதுக்கு என்ன?"

"காயிலும் நல்லாருக்கு, பாடியும் நல்லாருக்கு சார். பத்து வருஷமா உள்ள சேர்ந்தது ஜாஸ்தி. அதைத் தூக்கிட்டு ஓட முடியல."

"அப்டேட்டு பண்ண முடியாதுங்களா?" என்று பூங்கொடி கேட்டாள்.

"இந்த மாடலுக்கு அப்டேட் தர்றதையே நிறுத்திட்டாங்கம்மா. ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, புதுப் பெட்டி. ஆபரேஷன் பண்ணி மாத்தணும். இதுல இருக்கறதை எல்லாம் அப்படியே அதுக்கு மாத்திடலாம். எழுந்து உட்கார்ந்தா பழையபடி எல்லாரையும் தெரியும். இன்னொண்ணு, இதே பெட்டியில ஆபரேட்டிங் சிஸ்டத்தை அழிச்சுட்டுப் புதுசா போடறது. கத்தி வைக்க வேண்டாம். ஆனா கத்துக்கிட்டது மொத்தமும் போயிடும். முதல்ல இருந்து பழகணும்."

"புதுசே வெச்சரலாமுங்க" என்றாள் பூங்கொடி உடனே.

மருதாசலம் தாடையைத் தடவினார். மறுபடி தலையைத் திறப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும், "இவ சொன்னாச் சரிதானுங்க" என்றார்.

முடிவு செய்வதற்கு முன்னால் ஒரு சோதனை இருந்தது. மருதாசலத்தைக் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார வைத்து, தலையில் ஒயர்களை ஒட்டி, திரையில் முகங்களைக் காட்டினார்கள். இந்தப் பக்கம் ரெஹானாவின் திரையில் ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு கோடு எழுந்து அடங்கியது. பூங்கொடி கொடுத்திருந்த குடும்பப் படங்கள்தான். அவளுடைய முகம் வந்ததும் கோடு குளத்து அலை போல மெல்ல உயர்ந்து அப்படியே நின்றது.

"பாருங்க, உங்களைப் பார்த்தா எவ்வளவு நிம்மதி" என்று ரெஹானா சிரித்தாள்.

அடுத்து தருண். கோடு ஊசி போலக் குத்திட்டு எழுந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மருதாசலத்தின் வலது கை தானாக மார்போடு ஒடுங்கியது.

ரெஹானாவின் சிரிப்பு நின்றது. "இவர் யாரும்மா?"

"என்ற பையனுங்க. அவருக்கும் அவனுக்கும் ஆகாதுங்க. வண்டி ஓட்டுனது அவன்தான், அந்தக் கோவம்."

"இது கோபம் இல்லம்மா. வலி." அவள் இன்னும் சில படங்களைக் காட்டினாள். முன்பின் தெரியாத இளைஞர்கள். ஒவ்வொருவருக்கும் அந்த ஊசி லேசாக எழுந்து, இது அவன் இல்லை என்று தெரிந்த பிறகு படுத்தது. "அதான் இவ்வளவு இழுக்குது. பார்க்கிற முகத்துல எல்லாம் முதல்ல உங்க பையனைத் தேடிட்டுத்தான் மத்த வேலையைப் பார்க்குது. ஆபத்தான முகம்னு எழுதி வெச்சிருக்கு. பெட்டி வெச்ச புதுசுல அவர் என்ன பண்ணிட்டு இருந்தாரு?"

பூங்கொடிக்குச் சொல்வதற்கு ஒன்றும் கஷ்டமில்லை. பட்டறையை மூட முடியாது. அவள் அதைப் பார்த்துக்கொண்டாள். தருண் காலேஜை ஒரு வருஷம் நிறுத்திவிட்டு அப்பா கூடவே இருந்தான். நொறுங்கிய வலது கையைத் தினமும் மடக்கி நீட்டிப் பயிற்சி கொடுத்தது அவன்தான். மருதாசலம் வலியில் கத்துவார். அவன் அழுதுகொண்டே மடக்குவான். கை இன்று ஸ்பேனர் பிடிக்கிறது என்றால் அதனால்தான்.

"நீங்க?"

"நான் பொழுது சாயத்தான் வருவனுங்க. சோறு ஊட்டுவேன். வலி மாத்திரை போட்டுத் தூங்கற வரைக்கும் பக்கத்துல இருப்பேன்."

"வலிச்சப்ப எல்லாம் பையன் முகம், வலி அடங்கினப்ப எல்லாம் உங்க முகம், பெட்டி அதையே எழுதி வெச்சுக்கிச்சு" என்றாள் ரெஹானா. பூங்கொடி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஃபோன்ல பையன்கிட்ட எப்படிப் பேசுவார்?" என்று ரெஹானா கேட்டாள். "முகம் தெரியாம, குரல் மட்டும்."

"நல்லாத்தான் பேசுவாருங்க" என்றாள் பூங்கொடி. சொல்லும்போதே அவளுக்கு இன்னொன்று ஞாபகம் வந்தது. தூரத்தில் இருப்பதால் கோபம் குறைகிறது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். அவள் ஊருக்குப் போன நாட்களில் அவளிடம் அவர் ஃபோனில் பேசுவது எப்படி? "ம்" என்பார். "சரி, வெச்சரட்டா" என்பார். பழைய மருதாசலம். வேலை மும்முரத்தில் இருக்கிறார் என்று அவளே காரணம் சொல்லிக்கொள்வாள்.

"ஏனம்மா, அவன் மேல வந்த வெறுப்பு பெட்டியோடதுன்னா..." அவள் நிறுத்தினாள். பிறகு கேட்டுவிட்டாள். "எம்மேல இருக்கற பிரியம் ஆரோடதுங்க?"

ரெஹானா திரையை அவள் பக்கம் திருப்பினாள். "எனக்குத் தெரியலம்மா. பெட்டி கொடுத்ததுக்கு மேல அவரா சேர்த்ததும் இருக்கலாம். பிரிச்சுப் பார்க்க முடியாது. பையனோடதை மட்டும் அழிக்கவும் முடியாது, எல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணா கிடக்கு. புதுப் பெட்டின்னா ரெண்டும் சேர்ந்து போகும். அழிச்சா ரெண்டும் சேர்ந்து அழியும்." பிறகு சொன்னாள்: "சார்கிட்டச் சொல்லியாகணும். அவரோட தலை."

"நானே சொல்லிப்போடறனுங்க. ஒரு வாரம் டைம் குடுங்க."

*

அவள் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. அதற்கு அடுத்த நாள் மருதாசலம் தைலத்தை எடுத்துக்கொண்டு வந்து தரையில் உட்கார்ந்தார். முட்டியை அழுத்திவிட்டபடி, ஆபரேஷன் முடிந்ததும் இரண்டு பேரும் மூணாறு போகலாம் என்றார். பூங்கொடி அவருடைய நரைத்த உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லாமல் விட்டால் என்ன ஆகிவிடும்? ரெஹானாவிடம், சொல்லிவிட்டேன், புதுப் பெட்டியே வைக்கச் சொல்லிவிட்டார் என்றால் முடிந்தது. எல்லாம் அப்படியே இருக்கும். தருணும் புனேயில் நன்றாகத்தானே இருக்கிறான். யாரும் எதையும் இழக்கப் போவதில்லை. இப்படிக் கணக்குப் போட்டுப் பார்த்து, அவள் இரண்டு நாள் நிம்மதியாகக்கூட இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தருண் கூப்பிட்டான். ஆபரேஷன் என்று கேள்விப்பட்டிருந்தான்.

"நான் லீவு போட்டுட்டு வரட்டுமாம்மா?" என்று கேட்டுவிட்டு அவனே சொன்னான். "வேண்டாம். என்னைப் பார்த்தா அப்பாவுக்கு பிரஷர் ஏறும். ஆபரேஷன் நேரத்துல எதுக்கு?"

"அப்படியெல்லாம் இல்ல கண்ணு."

"இல்லம்மா, அவரு கோவப்படறதுல என்ன தப்பு? டயர் மோசமா இருக்குதுன்னு எனக்குத் தெரியும். மாத்திட்டுப் போலாம்னு சொல்லியிருக்கணும், சொல்லல. கை நல்லானா கோவம் ஆறிரும்னு நெனச்சேன். ஆறல. நான் ஏத்துக்கிட்டேன்." சாதாரணமாகத்தான் சொன்னான், பஸ் கிடைக்கவில்லை என்பது போல. "நீ பாத்துக்க. முடிஞ்சதும் ஒரு வார்த்தை சொல்லு."

ஃபோனை வைத்துவிட்டுப் பூங்கொடி அடுப்படியில் நின்றாள். பாத்திரம் தேய்த்தாள். தேய்த்ததையே மறுபடி தேய்த்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு பட்டறைக்குப் போனாள். ஞாயிறு என்பதால் ஆட்கள் இல்லை. மருதாசலம் மட்டும் ஒரு பம்பைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, ரெஹானா சொன்னதை ஒன்று விடாமல் சொன்னாள்.

அவர் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"அவனப் பாத்தா எந்திரிச்சுப் போயிரலாம்னு இருக்கும்" என்றார். "கை வந்து நெஞ்சுல ஒட்டிக்கும். ஏன்னு எனக்கே தெரியாது. பெத்த பையனப் பாத்து ஏண்டா இப்படி ஆகுதுன்னு யோசிச்சு யோசிச்சு, வண்டிய உருட்டுனதாலதான் போலன்னு நானே ஒரு காரணத்தப் புடிச்சுக்கிட்டேன். அதையே சொல்லிச் சொல்லித் திட்டுனேன். டயரு மாத்தறதுக்குச் சோம்பப்பட்டது நானு."

பூங்கொடி தலையைக் குனிந்துகொண்டாள்.

"அப்ப உம்மேல?" என்றார் அவர்.

"அதும் அப்படித்தானாமுங்க."

அவர் அவளைப் பார்த்தார். கொஞ்சம் தாமதமாக, எப்போதும் போல, அந்த வெளிச்சம் முகத்தில் வந்தது. அது வருவதை இந்த முறை இருவருமே கவனித்தார்கள். பார்க்க முடியாமல் அவர்தான் முதலில் திரும்பிக்கொண்டார்.

"புதுப் பெட்டி வெச்சா நீ இப்படியே இருப்ப" என்றார்.

"ஆமாங்க."

"அவனும் அப்படியே இருப்பான்."

"ஆமாங்க."

"நீ என்ன சொல்ற?"

இதற்குப் பதில் சொல்லாமல் தப்பிக்கலாம் என்று நினைத்துத்தான் அவள் வந்தாள். அவர் விடவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அழிச்சே போடுங்க. பாவமுங்க அவன்."

*

தருண் ஒரு மாதம் லீவு போட்டுவிட்டு வந்தான். ரெஹானா அவனையும் பூங்கொடியையும் உட்கார வைத்து, பெட்டியில் இதுவரை நடந்ததையும் சேர்த்து விளக்கினாள். முதல் மாதம்தான் முக்கியம். அந்த மாதத்தில் பெட்டி யாரை எப்படிப் பார்க்கிறதோ அப்படியே ஊன்றிக்கொள்ளும். தினமும் ஒரு பயிற்சி உண்டு. அது முடிந்ததும் ஒரு மணி நேரம் மண்டையைப் பிளக்கும் தலைவலி வரும். மாத்திரை போடக் கூடாது. கண்ணாடியைக் கழற்றவும் கூடாது, கழற்றினால் அன்றைக்குக் கற்றது தங்காது. அந்த நேரத்தில் ஒருவர் கூடவே இருக்க வேண்டும்.

"நான் இருக்கேன்" என்றான் தருண்.

"நீ இருக்க வேண்டாம்" என்றாள் பூங்கொடி. "நான் இருந்துக்கறேன். நீ சோறு போடு, பட்டறைக்குக் கூட்டிட்டுப் போ, சாயங்காலம் வெளிய நடத்திக் கூட்டிட்டு வா. தலைவலி நேரத்துல அந்த ரூம் பக்கம் வரக் கூடாது."

தருணுக்குப் புரிய ஒரு கணம் ஆனது. "ம்மா, அப்படின்னா உன்னைய..."

"நீ பட்டது போதும் சாமி."

ரெஹானா குறுக்கே வந்தாள். "ஒரு நர்ஸைக்கூடப் போடலாம்மா."

"வேத்தாளு முன்னால அவரு வலியக் காட்ட மாட்டாருங்க. அடக்கிக்குவாரு. அடக்குனா உங்க பயிற்சி ஏறுமுங்களா?"

ஏறாது என்று ரெஹானா ஒத்துக்கொண்டாள்.

அழித்துப் போடுகிற வேலை அரை நாளில் முடிந்தது. வெள்ளைத் தலையணையில் மருதாசலம் கண்ணை மூடிப் படுத்திருந்தார். கண்ணாடியை மாட்டியதும் முதலில் யார் உள்ளே போவது என்று ரெஹானா கேட்டபோது, பூங்கொடி டிபன் கேரியரைத் தருண் கையில் கொடுத்தாள். அவன் உள்ளே போனான். அவள் நடையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே கரண்டிச் சத்தம் கேட்டது. பிறகு மருதாசலத்தின் குரல், "ரசம் நல்லாருக்குது தம்பி, ஆரு வெச்சது?" தருண் சிரிக்கிற சத்தம். அப்பாவும் பிள்ளையும் ஒரே அறையில் இருக்கும்போது அவள் அந்தச் சத்தத்தைக் கேட்டு வருஷங்கள் ஆகியிருந்தன.

மாதம் அப்படியே போயிற்று. பயிற்சி முடிந்ததும் பூங்கொடி ஈரத் துணியோடு அறைக்குள் போவாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, திறந்த கண்ணோடு அவளையே பார்த்துக் கிடப்பார். சில நாள் அவள் கையைத் தட்டிவிடுவார். குரல் கேட்டால் அவருக்கு அவள் யார் என்று தெரியும். என்ன செய்கிறாள், ஏன் செய்கிறாள் என்பதும் தெரியும். தெரிந்தாலும் அவள் வாசலில் வந்து நின்றால் புருவம் சுருங்கும், உடம்பு ஒரு அங்குலம் பின்னால் போகும். சாயங்காலங்களில் பட்டறையிலிருந்து அப்பாவும் மகனும் ஏதோ ஒரு மோட்டாரைப் பற்றிச் சத்தமாகச் சண்டை போடுவது கேட்கும். நல்ல சண்டை. அவள் துணி மடித்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள்.

முட்டி வலிக்கு அவளே தைலம் தேய்த்துக்கொண்டாள்.

தருண் புனேக்குக் கிளம்பிய நாளில் மருதாசலம் ரயில் நிலையம் வரை போய் வலது கையால் அவன் தோளைக் கட்டிக்கொண்டார். அவன் மடக்கி நீட்டிச் சரிசெய்த கை.

*

மறுவாரம் ரெஹானா மறுபடி முகங்களைக் காட்டிப் பார்த்தாள். பெட்டி புதுசு போல ஓடியது. எந்த முகத்துக்கும் தடுமாறவில்லை. தருண் வந்ததும் கோடு மெல்ல உயர்ந்து நின்றது. பூங்கொடியின் முகம் வந்தபோது சின்னதாக ஒரு ஊசி.

ரெஹானா இருவரையும் எதிரே உட்கார வைத்தாள். "ஒரு நல்ல விஷயம் சொல்லணும். இந்தப் புது சிஸ்டத்துல பழசுல இல்லாத ஒரு வசதி இருக்கு. ஒரு முகத்தோடதை மட்டும் கையால ஏத்தி இறக்கலாம். இப்பத்தான் அனுமதி வந்தது. அம்மாவோடதைப் பழைய அளவுக்கே வெச்சுடறேன். ஒரு நிமிஷ வேலை."

ஒரு மாதமாகப் பூங்கொடி கேட்கக் கூடாது என்று அடக்கி வைத்திருந்தது, தானாக வந்து மேசைமேல் உட்கார்ந்துவிட்டது.

"வேண்டாமுங்க அம்மணி" என்றார் மருதாசலம்.

ரெஹானா புரியாமல் பார்த்தாள். "ஏன் சார்? அம்மாவைப் பார்த்தா உங்களுக்கு வலி ஞாபகம்தான் வரும். அது தானாப் போக வருஷக்கணக்கா ஆகலாம்."

"ஆகட்டுமுங்க. போன தடவ எல்லாம் அதுவா வந்துச்சு. நான் ஒண்ணும் பண்ணல. இந்தத் தடவ நான் பாத்துக்கறேன்." எழுந்துவிட்டார்.

டிரைவர் இல்லாமல் ஓடும் கால் டாக்ஸி ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றது. பூங்கொடி ஏறி ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டாள். அவர் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று அவள் யோசிக்க விரும்பவில்லை. பிடிக்காதவளைப் பிடிக்க வைக்கிறேன் என்றால் யார்தான் ஒத்துக்கொள்வார்கள் என்று தோன்றியது. தாராபுரத்தில் அம்மா வீடு பூட்டித்தான் கிடக்கிறது.

காந்திபுரம் தாண்டியதும் மருதாசலம் வண்டியை நிறுத்தச் சொன்னார். ஒரு பேக்கரி. வெளியே நாலைந்து பிளாஸ்டிக் நாற்காலிகள் கிடந்தன. அவளை அதில் ஒன்றில் உட்காரச் சொல்லிவிட்டுக் கல்லாவுக்குப் போனவர் பாதி வழியில் திரும்பினார்.

"டீயா, காப்பியா?"

"டீங்க."

"சக்கர போடலாமா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கல்யாணமாகி முப்பத்து மூன்று வருஷம். வீட்டில் டீ போடுவது எப்போதும் அவள்தான். அவருக்கு எவ்வளவு சர்க்கரை, தருணுக்கு எவ்வளவு, பட்டறை ஆட்களுக்கு எவ்வளவு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். தைலம் தேய்த்த அந்தப் பத்து வருஷத்தில்கூட அவர் இதைக் கேட்டதில்லை. கேட்கத் தோன்றியதில்லை, அவளைப் பார்த்த மாத்திரத்தில் அவருக்கு எல்லாம் நிறைந்துவிடும்.

"பாதி" என்றாள்.

அவர் கல்லாவில் இருந்தவனிடம் அதைச் சொன்னார். அவன் மாஸ்டரிடம் கத்தினான். அவர் அங்கேயே நின்று, டீ ஆற்றுவதைப் பார்த்து, இரண்டு கிளாஸையும் தானே வாங்கிக்கொண்டு திரும்பினார். வெயில் அவர் கண்ணாடியில் பட்டது. அவள் முகத்தைப் பார்த்ததும் புருவம் சுருங்கியது. உடம்பு பின்னால் போகப் பார்த்தது. டீ கொஞ்சம் தளும்பிக் கையில் கொட்டியது. அவர் நின்றார், அது அடங்கும் வரைக்கும். பிறகு நேராக நடந்து வந்து, எதிர் நாற்காலியை விட்டுவிட்டு, அவள் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

பூங்கொடி ஒரு வாய் குடித்தாள்.

"சரியா இருக்குதா?" என்று கேட்டார்.

"கொஞ்சம் தூக்கலுங்க."

"அப்படியா?" அவர் அவள் கிளாஸை ஒரு தரம் உற்றுப் பார்த்தார். "நாளைக்குக் கொறச்சுப் போடச் சொல்றேன்."